கிளைச் சிறையிலிருந்து மத்திய சிறைக்கு: நாள் கணக்கும் பொறுப்பும்

(சிறை நிர்வாகம் பற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மைசூரிலிருந்து உதகமண்டலம் செல்லும் சாலையில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் நஞ்சன்கூடு உள்ளது. கபிலை ஆற்றங்கரையில் அமைந்த ஸ்ரீகண்டேசுவரர் ஆலயத்தாலும், ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கும் ரசவாழைப் பழத்தாலும், அண்மைக் காலத்தில் தொழிற்பேட்டையாலும் அறியப்படும் ஊர். தாலுக்காத் தலைநகர் ஆதலால் அங்கு நீதிமன்றமும் உண்டு. இத்தகைய ஒரு தாலுக்கா நீதிமன்றத்தில் ஒரு நாள் பிற்பகல் ஒருவருக்கு இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்படுவதாகக் கொள்வோம். ஜாமீன் கொடுக்க ஆளில்லாததால் வழக்கு நடந்த காலம் முழுவதும் அவர் உள்ளூர்க் கிளைச் சிறையிலேயே இருந்தவர். தண்டனையை அனுபவிக்க வேண்டிய இடமோ மைசூர் மத்திய சிறை. பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும் இத்தூரத்தைக் கடக்க அவருக்கு எத்தனை நாட்கள் ஆகும்?

இக்கேள்விக்குச் சாலையின் நீளத்தைக் கொண்டு விடை கூற இயலாது. நீதிமன்றத்திலிருந்து வாரண்ட் எப்போது வருகிறது, அதில் பிழை உண்டா, வழிக்காவலுக்குக் காவலர் எப்போது கிடைப்பர், மத்திய சிறையில் இடம் உண்டா என்பவற்றைக் கொண்டே விடை அமையும். நீதித்துறை, காவல்துறை, சிறைத்துறை ஆகிய மூன்றும் ஒரே நாளில் ஒரே மனிதருக்காக ஒன்று சேர்ந்தால் மறுநாள் காலையிலேயே அவர் மைசூரில் இருப்பார். ஒன்று பின்தங்கினாலும் அவர் காத்திருக்க வேண்டியதுதான். மற்ற இரு துறைகளும் தத்தம் கடமையை முடித்துவிட்டதாகவே பதிவேடுகள் காட்டும்.

கிளைச் சிறை எதற்காக ஏற்பட்டது என்பதை முதலில் நினைவுகூர்வது நன்று. பழைய மைசூர் சமஸ்தானத்தில் பெங்களூரிலும் மைசூரிலும் மத்திய சிறைகள் இருந்தன. தாலுக்காத் தலைநகரங்களில் கச்சேரியை ஒட்டிச் சிறிய காவலறைகள் இருந்தன. சென்னை மாகாணத்திலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். அங்கும் கிளைச் சிறையின் பொறுப்பு நெடுங்காலம் சிறைத்துறையிடம் இல்லாமல் வருவாய்த்துறை அலுவலரிடமே இருந்து வந்தது. நிலவரி வசூலையும் பட்டா மாற்றத்தையும் கவனிக்கும் அதிகாரிக்குச் சிறை நிர்வாகம் பத்தோடு பதினொன்றாக அமைந்த ஒரு வேலை. வாய்தா நாளில் நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்ல வசதியாக விசாரணைக் கைதிகளைச் சில நாட்கள் வைத்திருப்பதும், மிகக் குறுகிய காலத் தண்டனை பெற்றோரைத் தண்டனை முடியும்வரை வைத்திருப்பதுமே இவற்றின் நோக்கம். ஆண்டுக்கணக்கில் ஒருவரைத் தங்கவைப்பதற்காக இவை கட்டப்படவில்லை. ஆகவேதான் இங்கே தொழிற்கூடம் இல்லை, பள்ளி இல்லை, பெரும்பாலும் முழுநேர மருத்துவரும் இல்லை.

1980-ல் நீதிபதி ஏ. என். முல்லா தலைமையில் மத்திய அரசு அமைத்த அகில இந்தியச் சிறைச் சீர்திருத்தக் குழு, 1983-ல் அளித்த அறிக்கையில் கிளைச் சிறைகளின் நிலையையும் ஆராய்ந்து, அவற்றைச் சிறைத்துறையின் கட்டுப்பாட்டின்கீழ்க் கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைத்தது. சிறைகள் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. எனவே மாநிலத்துக்கு மாநிலம் முன்னேற்றத்தின் வேகம் வேறுபட்டது. நாட்டில் கிளைச் சிறைகள் குறைந்த எண்ணிக்கையில் உள்ளன என்றும் கருத வேண்டாம். தேசியக் குற்றப் பதிவேடுகள் நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி நாட்டிலிருந்த 1,319 சிறைகளில் 564 கிளைச் சிறைகளாகும். அவ்வாண்டு இறுதியில் எல்லாச் சிறைகளிலும் சேர்த்து 5,54,034 பேர் இருந்தனர்; அவர்களுள் 4,27,165 பேர் விசாரணைக் கைதிகள். சிறைகளின் மொத்தக் கொள்ளளவோ 4,25,609 மட்டுமே. அதாவது, தீர்ப்புப் பெறாதவர்களே நாட்டின் சிறைகளை முழுவதுமாக நிரப்பி விடுகின்றனர். தண்டனை பெற்றவர்கள் அதற்கு மேல்தான். இவ்விகிதத்தை மனத்தில் இருத்திக்கொண்டுதான் மாற்றத்தின் தாமதத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

தண்டனை விதித்த நீதிமன்றம் உடனடியாக வாரண்டைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்பது 1973-ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 418-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தை ஏற்றுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இக்கடமை தொடர்கிறது. எந்தச் சிறையில் ஒருவரை வைப்பது என்பதை மாநில அரசு தீர்மானிக்கலாம். 1900-ஆம் ஆண்டின் கைதிகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, தண்டனைக் கைதியை மாநிலத்துக்குள் ஒரு சிறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் அதிகாரத்தை மாநில அரசுக்கும், அதன் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுச் சிறைத்துறைத் தலைவருக்கும் அளிக்கிறது. வேறு மாநிலச் சிறைக்கு மாற்ற 1950-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. நஞ்சன்கூட்டைப் போலத் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் செல்லும் வழியில் அமைந்த ஊர்களில், பிற மாநிலத்தவர் கைதாகித் தண்டனை பெறுவது அரிதன்று. அவர்களுக்கு அச்சட்டம் பயன்படும்.

அதிகாரம் இருக்கிறது, கடமையும் இருக்கிறது. கால வரம்புதான் தெளிவாக இல்லை. "உடனடியாக" என்ற சொல் வாரண்டை அனுப்பும் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துகிறது. வாரண்டைப் பெற்ற கிளைச் சிறை, தனது கைதியை எத்தனை நாளுக்குள் மத்திய சிறையில் ஒப்படைக்க வேண்டும் என்பதற்கு அந்தச் சொல் பொருந்துவதில்லை. நடைமுறையில், "வழிக்காவல் கிடைத்ததும்" என்பதே கால வரம்பாகி விடுகிறது.

வழிக்காவல் என்பது மாவட்ட ஆயுதப்படையிலிருந்து வர வேண்டியது. அப்படைக்கோ திருவிழாப் பாதுகாப்பும் தேர்தல் பணியும் முக்கியப் பிரமுகர் வருகையும் காத்திருக்கின்றன. நஞ்சன்கூட்டுப் பெரிய தேர் ஓடும் பங்குனி நாட்களில், ஒரு கைதியை மைசூருக்கு அழைத்துச் செல்ல இரண்டு காவலரை ஒதுக்குமாறு கேட்கும் கடிதம் எந்த இடத்தில் வைக்கப்படும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இதில் எவரையும் குறைகூறி ஆவதொன்றில்லை. கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டால் அன்றே கேள்வி எழும். கைதி ஒருவர் பத்து நாள் கூடுதலாகக் கிளைச் சிறையில் இருந்தால் கேட்பார் இல்லை. எங்கு கேள்வி எழுமோ அங்கு ஆள் அனுப்பப்படுவது நிர்வாகத்தின் இயல்பு.

பெங்களூர் மத்திய சிறையிலிருந்த ஒரு கைதி 1984-ல் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே பின்னர் ராமமூர்த்தி எதிர் கர்நாடக அரசு என்ற வழக்காயிற்று. 1996 இறுதியில் அளிக்கப்பட்ட தீர்ப்பு, நாட்டின் சிறைகளைப் பீடிக்கும் ஒன்பது சிக்கல்களை வகுத்துக் காட்டியது. இட நெருக்கடி, விசாரணைத் தாமதம், மருத்துவப் புறக்கணிப்பு, உணவு உடைக் குறைபாடு, குடும்பத்தாருடன் தொடர்பின்மை முதலியன அவற்றுள் அடங்கும். போதிய காவலர் இல்லாமையால் கைதிகளை உரிய நாளில் நீதிமன்றத்தில் நிறுத்த இயலாமற் போவதும் அவ்வழக்கில் வெளிவந்த செய்திகளுள் ஒன்று. ஒரு கடிதத்தில் தொடங்கிய வழக்கு முடியப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன என்பதும் கவனத்துக்குரியது.

தாமதத்தின் விலை

பொருளாதாரக் கண்கொண்டு பார்த்தால் இச்சிக்கலின் வேர் புலப்படும். கிளைச் சிறையில் கைதிக்கு வழங்கும் உணவின் செலவு ஒரு கணக்குத் தலைப்பில் ஏறுகிறது. மத்திய சிறைக்கு அவர் சென்றாலும் அதே அளவு உணவுதான். மாநிலக் கருவூலத்துக்கு இதில் மிச்சமும் இல்லை, நட்டமும் இல்லை. வழிக்காவலுக்கு ஆகும் பயணப்படியும் எரிபொருளும் காவல்துறையின் தலைப்பில் ஏறுகின்றன; ஆகவே காவல்துறையின் கணக்கில் மாற்றம் என்பது செலவு, தாமதம் என்பது சிக்கனம். நீதிமன்றத்தின் கணக்கில் இரண்டுமே தோன்றுவதில்லை. தாமதத்தின் உண்மையான விலையைச் செலுத்துபவர் கைதி ஒருவரே. அவர் இழக்கும் நாட்களுக்கென்று எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் ஒரு தலைப்பு இல்லை.

அவர் என்ன இழக்கிறார்? முதலாவதாக, வேலையும் கூலியும். மத்திய சிறையில் நெசவு, தச்சு, தையல், தோட்டம், சமையல் எனப் பலவகை வேலைகள் உண்டு. கடுங்காவல் கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி வழங்க வேண்டும் என்று குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் 1998-ல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. அக்கூலியில் ஒரு பகுதி வீட்டுக்குச் செல்லும். தகப்பன் சிறைசென்ற குடும்பத்தில், சிறிய தொகையும் பள்ளிக் குழந்தையின் நோட்டுப் புத்தகமாகவோ அரை மூட்டை ராகியாகவோ மாறக்கூடும். கிளைச் சிறையில் பெருக்குவதையும் சமைப்பதையும் தவிர வேறு வேலை அரிது.

இரண்டாவது, தண்டனைக் குறைப்பு. நன்னடத்தையையும் ஒப்படைத்த வேலையைச் சரிவரச் செய்வதையும் கொண்டு இது கணக்கிடப்படுகிறது. வேலையே இல்லாத இடத்தில் வேலைக்கான குறைப்பை எவ்வாறு ஈட்டுவது? கிளைச் சிறையில் கழியும் ஒவ்வொரு மாதமும், தண்டனையின் மறுமுனையில் சில நாட்களைக் கூட்டிவிடுகிறது எனலாம். பத்து நாள் தாமதம் பத்து நாளோடு நிற்பதில்லை.

மூன்றாவது, மருத்துவமும் கல்வியும். காசநோய்க்கு மாதக்கணக்கில் மருந்து உட்கொள்ள வேண்டிய ஒருவரை, மருத்துவர் அவ்வப்போது மட்டும் வந்துபோகும் இடத்தில் நிறுத்தி வைப்பது அவருக்கும் அவருடன் ஒரே கொட்டடியில் படுப்போருக்கும் தீங்கு. கல்வி என்னும்போது எழுத்தறிவு வகுப்பை மட்டும் குறிப்பதாக எண்ண வேண்டாம். மைசூர் மத்திய சிறையின் கைதிகள், ரங்காயணக் கலைஞர் ஹுலுகப்பா கட்டீமனியின் பயிற்சியில் நாடகங்கள் நடித்துச் சிறைக்கு வெளியே மேடையேறியும் காட்டியிருக்கின்றனர். ஒருவர் திருந்துவதற்கு எந்த வாயில் திறக்கும் என்று முன்கூட்டியே சொல்வதற்கில்லை. கிளைச் சிறையில் அத்தகைய வாயில்கள் மிகக் குறைவு என்பது மட்டும் உறுதி.

இனி, அங்கேயே இருக்கும் மற்றவர்களின் நிலை. 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் அதன் 27-ஆம் பிரிவில், தண்டனை பெற்றவரையும் பெறாதவரையும் தனித்தனியே வைக்க வேண்டும் என்று விதித்தது. கர்நாடகம் 1963-ல் தனக்கெனச் சிறைச் சட்டம் இயற்றிக்கொண்டது. இரண்டே கொட்டடிகள் கொண்ட கிளைச் சிறையில் பெண்களுக்கு ஒன்றை ஒதுக்கிவிட்டால், மீதி ஒன்றில் எவரை எவரிடமிருந்து பிரிப்பது? முதன்முறையாக வாய்த்தகராறில் கைதான இளைஞரும், பலமுறை தண்டனை பெற்றவரும் ஒரே பாயில் படுக்க நேரிடுகிறது. நீண்டகாலத் தண்டனைக் கைதியை உரிய நாளில் அனுப்பிவிட்டால், இருப்போருக்குக் காற்றும் வெளிச்சமும் சிறிது கூடுதலாகக் கிடைக்கும்.

எல்லோரையும் அனுப்பிவிடலாமா?

கிளைச் சிறைகளையே மூடிவிட்டு எல்லோரையும் மத்திய சிறைக்கு அனுப்பிவிட்டால் என்ன என்று சிலர் கேட்கின்றனர். இங்குதான் நிதானம் வேண்டும். தண்டனைக் கைதிக்குப் பொருந்தும் நியாயம் விசாரணைக் கைதிக்குப் பொருந்தாது.

விசாரணைக் கைதியை ஒரே தடவையில் 15 நாட்களுக்கு மேற்படாமல் காவல் நீட்டிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. எனவே வாய்தா அடிக்கடி வரும். ஒரு தாலுக்கா நீதிமன்றத்துக்குரிய விசாரணைக் கைதிகள் 20 பேர் என்றும், ஒவ்வொருவருக்கும் மாதம் இரண்டு வாய்தா என்றும் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மாதம் 40 தடவை ஆட்களை நிறுத்த வேண்டும். கிளைச் சிறை நீதிமன்றத்தின் பக்கத்தில் இருந்தால் இது நடந்து செல்லும் தூரம். அனைவரும் மைசூரில் இருந்தால் போய்வர 50 கிலோமீட்டர். வண்டி வேண்டும், காவலர் வேண்டும், பகல் முழுவதும் வேண்டும். வண்டி வராத நாளில் வாய்தா தள்ளிப்போகும், விசாரணை நீளும், விசாரணைக் கைதிகளின் எண்ணிக்கை பெருகும். ஒரு கிளைச் சிறையை மூடியதில் கிடைத்த மிச்சம், வழிக்காவல் செலவில் கரைந்துபோவதற்கு வெகுநாள் பிடிக்காது. காவல் நீட்டிப்பைக் காணொளி மூலம் செய்யலாம் என்பது 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சட்டத்தில் இடம்பெற்று நடைமுறைக்கும் வந்துவிட்டது. இது பெரிய உதவியே. ஆயினும் கைதி தன் வழக்கறிஞரிடம் காதோடு காதாக ஒரு சொல் சொல்லவும், நீதிமன்ற வராந்தாவில் நிற்கும் மனைவியை ஒரு கணம் பார்க்கவும் திரை உதவுவதில்லை.

உச்ச நீதிமன்றமும் இவ்வேறுபாட்டை வற்புறுத்தியுள்ளது. 2012-ல் மகாராஷ்டிர அரசு எதிர் சயீத் சொஹைல் ஷேக் வழக்கில், கைதிகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவு விசாரணைக் கைதிக்குப் பொருந்தாது என்றும், நீதிமன்றத்தின் அனுமதி பெறாமல் அவரை வேறு சிறைக்கு மாற்றலாகாது என்றும், அவ்வனுமதி வெறும் அலுவலகக் கையெழுத்தாக இராமல் காரணங்களை ஆராய்ந்து தரப்பட வேண்டும் என்றும் தீர்ப்பளிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1979-ஆம் ஆண்டின் சுனில் பத்ரா வழக்கில், உறவினர் வந்து பார்க்க இயலாத தொலைதூரச் சிறைக்கு ஒருவரை மாற்றுவதே ஒரு தண்டனையாகி விடலாம் என்பதை நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் எடுத்துக்காட்டி, அத்தகைய நடவடிக்கை நீதிமன்றத்தின் பார்வைக்கு உட்பட வேண்டும் என்றார். ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளும், இயன்றவரை வீட்டுக்கு அருகிலுள்ள சிறையில் வைக்கவும், மாற்றப்பட்டால் அதனைக் குடும்பத்துக்குத் தெரிவிக்க வாய்ப்பளிக்கவும் கூறுகின்றன. திங்கட்கிழமை சோற்றுத் தூக்கோடு வந்த தாயிடம், "நேற்றே கொண்டு போய்விட்டார்கள்" என்று வாயிற்காவலர் சொல்வது, உரிய காலத்தில் நடந்த மாற்றமாகவே இருந்தாலும் முறையான மாற்றம் ஆகாது.

பெண் கைதிகளின் நிலை இன்னும் நுட்பமானது. கிளைச் சிறையில் பெரும்பாலும் ஒரே ஒரு பெண் இருப்பார். தனிமையும் பாதுகாப்பின்மையும் அவரை உடனே மாற்ற வேண்டும் எனச் சொல்லும். வீட்டில் விட்டுவந்த குழந்தைகள் மாற்ற வேண்டாம் எனச் சொல்வர். 1987-ல் அறிக்கை அளித்த நீதிபதி கிருஷ்ண ஐயர் தலைமையிலான பெண் கைதிகள் பற்றிய தேசிய வல்லுநர் குழுவும் இத்தகைய பெண்களின் நிலையை விரிவாக ஆராய்ந்தது. இதற்கு ஒரே விதி வகுப்பது அரிது. ஒவ்வொருவரையும் கேட்டறிந்து முடிவு செய்வதே வழி.

அயல்நாட்டு அனுபவம்

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கவுன்டி எனப்படும் உள்ளாட்சி வட்டங்களின் சிறைகளிலிருந்து மாநிலச் சிறைகளுக்குத் தண்டனைக் கைதிகளை மாற்றுவது நெடுங்காலப் பூசலாகும். டெக்சாஸ் மாநிலத்தில் 1980-களிலும் 1990-களின் தொடக்கத்திலும் மாநிலச் சிறைகள் நிரம்பி, தண்டனை பெற்றோர் உள்ளாட்சிச் சிறைகளில் தேங்கினர்; கவுன்டிகள் மாநிலத்தின்மீது வழக்குத் தொடுத்தன. இறுதியில், கைதியின் ஆவணங்கள் முழுமை பெற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்குள் மாநிலச் சிறை அவரை ஏற்க வேண்டும் என்று சட்டத்திலேயே வரம்பு கட்டினர். 45 நாட்கள் என்பது நம் கண்ணுக்கு அதிகமாகத் தோன்றலாம். ஆயினும் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது அதில் ஐயத்துக்கிடமின்றிச் சொல்லப்பட்டிருக்கிறது; அதுவே அதன் சிறப்பு. 2020-ல் கொரோனாத் தொற்றின்போது டெக்சாஸும் கலிபோர்னியாவும் புதிய கைதிகளை ஏற்பதை நிறுத்தி வைத்தபோது, உள்ளாட்சிச் சிறைகளில் மீண்டும் கூட்டம் சேர்ந்தது.

லூசியானா மாநிலத்தின் கதை வேறு வகை. அங்கு மாநிலக் கைதிகளுள் ஏறக்குறையப் பாதிப்பேர் உள்ளாட்சிச் சிறைகளிலேயே வைக்கப்படுகின்றனர்; அதற்காக மாநிலம் தலைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று உள்ளாட்சிக்குப் பணம் தருகிறது. கைதியை வைத்திருப்பது வருமானமாகிவிட்டால், அனுப்புவதில் எவருக்கு அவசரம் இருக்கும்? தண்டனை முடிந்த பின்னரும் அம்மாநிலத்தில் பலர் அடைத்து வைக்கப்படுகின்றனர் என்று அமெரிக்க நீதித்துறை 2023 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டு, 2024 டிசம்பரில் வழக்கும் தொடர்ந்தது. ஆவணங்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மெதுவாக நகர்வதும், விடுதலை நாளைக் கணக்கிடுவதில் ஏற்படும் தாமதமும் அங்கு முதன்மையான காரணங்களாகக் கூறப்பட்டன.

காகிதம் நகராவிட்டால் மனிதர் நகர்வதில்லை என்பதற்கு நம் நாட்டிலும் சான்று உண்டு. பீகாரில் ருதுல் சா என்பவரை முசாபர்பூர் செஷன்ஸ் நீதிமன்றம் 1968 ஜூன் 3-ல் விடுதலை செய்தது. அவர் சிறையிலிருந்து வெளியே வந்தது 1982 அக்டோபர் 16-ல். பதினான்கு ஆண்டுகளுக்கு மேல்! உச்ச நீதிமன்றம் 1983-ல் அவருக்கு ஏற்கெனவே தரப்பட்ட 5,000 ரூபாய் நீங்கலாக 30,000 ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்குமாறு ஆணையிட்டது. இது மாற்றம் பற்றிய வழக்கன்று. ஆயினும், ஒரு மனிதரின் பெயர் எந்தப் பட்டியலிலும் "இன்று முடிவெடுக்க வேண்டியவர்" என்று ஏறாமற் போனால் என்ன நேரும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. இதே போன்ற தாமதங்கள் மீண்டும் வெளிவந்ததன் பேரில், 2022-ல் உச்ச நீதிமன்றம் தன் ஆணைகளை மின்னணு முறையில் நேரே சிறைகளுக்கு அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கிற்று.

செய்யக்கூடியவை

பெரும் பொருட்செலவு வேண்டாத சில ஏற்பாடுகள் உள்ளன. வாரண்டில் அதிகம் பிழை நேர்வது, விசாரணைக் காலத்தில் சிறையிலிருந்த நாட்களைத் தண்டனையிலிருந்து கழிக்கும் கணக்கில்தான். 1974 முதல் நடைமுறையிலுள்ள இந்தச் சலுகைக்கான நாட்கள் குறிக்கப்படாத வாரண்ட் திரும்பச் சென்று திருத்தமாகி வர ஒரு வாரம் ஆகலாம். தீர்ப்பு நாளன்றே கிளைச் சிறையின் பதிவேட்டிலிருந்து அந்த எண்ணிக்கையை நீதிமன்றத்துக்குக் கொடுத்துவிட்டால் இவ்வாரம் மிச்சமாகும். இ-பிரிசன்ஸ் என்னும் கணினிப் பதிவேடு பெரும்பாலான சிறைகளை எட்டியுள்ள இக்காலத்தில் இது கடினமான வேலையன்று.

வழிக்காவலைப் பொறுத்தவரை, கைதிக்குக் கைதி தனித்தனியாகக் கடிதம் எழுதிக் காத்திராமல், வாரத்தில் குறிப்பிட்ட ஒரு நாளில் மாவட்டத்தின் தாலுக்காக்களை வரிசையாகச் சுற்றிவரும் ஒரு வண்டியை ஏற்படுத்தலாம். தபால் வண்டி எல்லா ஊர்களுக்கும் போய்வருவது இப்படித்தானே? வண்டியில் செல்வோரின் மானம் காக்கப்படுவதும் இன்றியமையாதது. வழக்கமாக விலங்கு பூட்டி அழைத்துச் செல்வது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 1980-ல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. புதிய சன்ஹிதா சில கடுங்குற்றங்களில் விலங்கை அனுமதித்தாலும், மற்றவர்களுக்கு அது விதியாகிவிடவில்லை.

கால வரம்பும் அதற்கொரு பொறுப்பாளரும் இவற்றைவிட முக்கியம். வாரண்ட் கிளைச் சிறைக்கு வந்து சேர்ந்த நாளை முதல் நாளாகக் கொண்டு, ஒரு வாரத்துக்குள் மாற்றம் நிகழ வேண்டும் என மாநிலச் சிறை விதிகளில் சேர்க்கலாம். மத்திய உள்துறை அமைச்சகம் 2023-ல் மாதிரிச் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் சட்டத்தை மாநிலங்களுக்கு அனுப்பியுள்ளது. தத்தம் விதிகளைத் திருத்த மாநிலங்களுக்கு இது தக்க வாய்ப்பு. ஒரு வாரம் கடந்தால் கிளைச் சிறைப் பொறுப்பாளர் காரணத்தை எழுத்தில் பதிவுசெய்து மேலே அனுப்ப வேண்டும். தாமதம் தன் கையிலிருந்து பிறர் கைக்கு எப்போது சென்றது என்பதைக் காட்ட அவருக்கும் அது ஒரு பாதுகாப்பே.

அதை யார் படிப்பது? 2015-ல் உச்ச நீதிமன்றத்தின் ஆணையைத் தொடர்ந்து, மாவட்டந்தோறும் விசாரணைக் கைதிகள் பரிசீலனைக் குழு இயங்கிவருகிறது. மாவட்ட நீதிபதி அதன் தலைவர். மாவட்ட ஆட்சியரும் காவல்துறைக் கண்காணிப்பாளரும் சட்டப் பணிகள் ஆணையத்தின் செயலாளரும் அதில் அமர்கின்றனர். தாமதத்துக்குக் காரணமான துறைகள் ஒரே மேசையைச் சுற்றி உட்காரும் இடம் மாவட்டத்தில் இது ஒன்றே. இப்போது அக்குழுவின் கவனம் ஜாமீனுக்குத் தகுதி பெற்ற விசாரணைக் கைதிகளின்மீதே உள்ளது. மைசூர் மாவட்டக் குழுவோ வேறு எந்த மாவட்டக் குழுவோ, தன் பட்டியலில் இரண்டு கட்டங்களைக் கூட்டிக்கொள்ள எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை: ஒன்று, தண்டனை வாரண்ட் கிடைத்த நாள், மற்றொன்று, மத்திய சிறையில் ஒப்படைத்த நாள். இரண்டாவது கட்டம் வெறுமையாக இருக்கும் பெயர்களைக் கூட்டத்தில் உரக்கப் படித்தால் போதும். அடுத்த செவ்வாய்க்கிழமை வண்டி எத்தனை பேரை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிடும்.